மூன்று நூல்களும் ஒரு வெள்ளியும்

மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்திய இயல் துறையைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் நம்மவர் இரண்டு செய்திகளை மறவாமல் கூறுவர். ஒன்று, தனிநாயக அடிகள் அங்கே பேராசிரியராய் வீற்றிருந்தது. மற்றொன்று, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இரண்டும் பெருமைக்குரியனவே. ஆயினும் ஒரு துறையை அதன் தலைவரின் புகழாலும் அது நடத்திய விழாவாலும் மட்டும் அளப்பது, ஒரு தோட்டத்தை அதன் துரை பங்களாவைப் பார்த்து அளப்பது போலாகும். என்ன ஆராய்ந்தார்கள், எதை அச்சிட்டார்கள், அச்சிட்டது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதே முறை. அப்பல்கலைக் கழகத்திலிருந்து 1966ஆம் ஆண்டிலும் 1969ஆம் ஆண்டிலும் வெளிவந்த மூன்று நூல்களை முன்வைத்து அக்கேள்வியை இங்கே கேட்கிறேன். மூவாரிலிருந்து கேட்பதற்கும் காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும்.

முதலில் அத்துறை பிறந்த கதையைச் சிறிது நினைவு கூர வேண்டும். மலாயாப் பல்கலைக் கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப் பெற்றது. அங்கே இந்திய இயலுக்கு ஒரு துறை அமைக்கும் எண்ணம் எழுந்த போது, அதில் வடமொழியே முதலிடம் பெறும், தமிழுக்கு ஓரத்தில்தான் இடம் கிடைக்கும் என்ற பேச்சும் உடன் எழுந்தது. இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராயிருக்க இது எவ்வாறு தகும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரால் நிதி திரட்டினார். அந்நிதி செல்வர் சிலரின் காசோலையால் நிரம்பியதன்று. தோட்டப் பாட்டாளிகளும் துறைமுகத் தொழிலாளரும் பள்ளி ஆசிரியர்களும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியாகக் கொடுத்து நிரப்பியது. 1956இல் துறை தோன்றியது. தமிழ் அதில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. திரட்டிய பணம் தமிழ் நூல்நிலையத்துக்கு உதவியது. பின்னர்ப் பல்கலைக் கழகம் கோலாலம்பூரிலும் அமைந்த போது துறையும் அங்கே சென்றது.

உலகில் எத்தனையோ பல்கலைக் கழகங்களில் தமிழ் கற்பிக்கப்பட்டது; கற்பிக்கப்படுகிறது. அரசர் கொடையால் நிறுவப்பட்ட இருக்கைகள் உண்டு. அரசாங்க மானியத்தால் நடப்பவை உண்டு. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பால்மரத் தொழிலாளியின் ஒரு நாட் கூலியில் ஒரு பகுதி போய் நூல்நிலையத்து அலமாரியில் நூலாக நின்றது என்பது இத்துறைக்கே உரிய சிறப்பு எனலாம். ஆதலின் இத்துறையின் ஆராய்ச்சியை மதிப்பிடுவோர், "இது அறிஞர் அவையில் ஏறியதா?" என்று கேட்பதோடு, "அந்த ஒரு வெள்ளிக்கு என்ன விடை?" என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்.

இனி நூல்களுக்கு வருவோம்.

முதலாவது, அந்தாவோ தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ் போர்த்துக்கீசிய அகராதி. மதுரைப் பகுதியில் சமயப் பணி புரிந்து 1666இல் மறைந்த இவரது அகராதி, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தது 1732இல் என்பதை நினைத்தால் இதன் பழமை தெரியும். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட இந்நூலின் படியொன்று வத்திக்கான் நூல்நிலையத்தில் உறங்கிக் கிடந்தது. 1954இல் தனிநாயக அடிகள் அதனைக் கண்டெடுத்தார். 1961இல் மலாயாப் பல்கலைக் கழகத்துக்குப் பேராசிரியராய் வந்த அவர், 1966இல் மாநாட்டு ஆண்டிலேயே அதனை நிழற்படப் பதிப்பாகத் துறையின் சார்பில் வெளியிட்டார்.

இதன் அருமை தமிழாசிரியர் அறியாததன்று. நம் நிகண்டுகள் செய்யுள் இயற்றுவோருக்கும் செய்யுள் பயில்வோருக்கும் ஆக்கப்பட்டவை. மனப்பாடத்துக்கு வாய்ப்பாகப் பாவில் அமைந்தவை. பாதிரியாரின் நோக்கம் வேறு. அவர் ஊரில் நடந்தார், மக்களிடம் பேசினார், அவர்கள் பேசியதை விளங்கிக் கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. எனவே இலக்கியச் சொல்லோடு பதினேழாம் நூற்றாண்டின் பேச்சுச் சொல்லும் அவர் அகராதியில் ஏறிற்று. சந்தையிலும் வயலிலும் வழங்கியதால் புலவர் ஏட்டில் இடம் பெறாது போயிருக்கக் கூடிய சொற்களை ஓர் அயல்நாட்டார் காத்துக் கொடுத்தார் என்றால், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்று கற்றிருக்க வேண்டும்.

கற்றோமா என்பதற்கு இரண்டாவது நூல் விடை கூறும். அதுவும் அதே 1966இல் அதே துறையிலிருந்தே வெளிவந்தது. இராம சுப்பையா எழுதிய சிறு நூல். கீழ்ப் பேராக் பகுதியில் வழங்கும் தமிழ்க் கிளைமொழிகளின் சொல்லாய்வு என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்கலாம். முதல் நூல் உரோமாபுரியிலிருந்து வந்தது. இது தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து வந்தது. முன்னது முந்நூறாண்டுக்கு முந்திய பேச்சு. பின்னது அன்றைய பேச்சு. முன்னதை மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டறிஞர் கையிலேந்திச் சென்றனர். பின்னதன் பெயரைக் கேள்விப்பட்ட தமிழாசிரியர் நம்முள் எத்தனை பேர்? மாநாட்டைப் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேச வல்ல நண்பர் சிலரிடம் இந்நூலைக் குறிப்பிட்டேன். "அப்படியொன்று உண்டா?" என்றே கேட்டார்கள். அவர்களைக் குறை கூறவில்லை. நானும் நெடுங்காலம் அறியாதிருந்தவனே.

என் கருத்தில் இம்மூன்றனுள் தலைமை சான்றது இச்சிறு நூல்தான். அளவால் அன்று, அது காட்டிய வழியால். பல்கலைக் கழகத்து ஆய்வாளர் ஒருவர், இந்நாட்டுத் தமிழன் வாயில் வழங்கும் சொல் ஆராயத் தக்கது என்று முடிவு செய்து, ஓர் எல்லையை வரைந்துகொண்டு, அதற்குள் நின்று ஆராய்ந்தார். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்து ஒரே லயத்தில் குடியேறிய மக்களின் மொழி எவ்வாறு கலந்தது, எது நின்றது, எது வீழ்ந்தது என்பதை அறிய இந்நாட்டைப் போன்ற இடம் எளிதில் வாய்க்காது. வட ஆர்க்காட்டாரும் சேலத்தாரும் திருச்சியாரும் தத்தம் ஊர்ப் பேச்சோடு வந்து, ஒரே பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, ஒரே வேலைக்காட்டுக்குப் போனார்கள். இரண்டு தலைமுறையில் அவர் பேரர்கள் பேசியது அம்மூன்றும் அல்லாத ஒரு தமிழ்.

அத்தமிழின் சொற்களைச் சற்று நோக்குக. மூவார்ப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் வாயில் இவற்றை இன்றும் கேட்கலாம். இரப்பர் மரத்தைப் பால்மரம் என்றனர். கோட்டில் காய்ந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்றும், மங்கில் உறைந்ததைக் கட்டிப்பால் என்றும் பிரித்தனர். வேலை நடக்கும் இடம் வேலைக்காடு. பெயர் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம். காலையில் உண்பது பசியாறல். பால்மரம், ஒட்டுப்பால், கட்டிப்பால், வேலைக்காடு என்பவற்றை எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் கூடி அமைக்கவில்லை. வெள்ளைக்காரன் கொணர்ந்த புதுத் தொழிலுக்குத் தூய தமிழில் தொழிற்சொல் படைத்தவர்கள் விடியுமுன் மண்ணெண்ணெய் விளக்கோடு மரத்தடிக்குப் போன ஆணும் பெண்ணுமே. இதை நாம் பாராட்டியதுண்டா?

மற்றொரு வகைச் சொற்களும் உள. இரப்பருக்குக் கித்தா, அது மலாய்மொழிக் கெத்தாவிலிருந்து வந்தது. தோளில் இருபுறமும் வாளி தொங்கவிட்டுச் சுமக்கும் கம்புக்குக் காண்டா. அது மலாய்க் கண்டாரோடு தொடர்புடையது. பால் வடியும் கிண்ணத்துக்கு மங்கு. இது மலாய் மங்கோக் என்பதன் திரிபு என்று எளிதிற் சொல்லி விடலாம். ஆனால் தமிழ்நாட்டிலும் பீங்கான் பாத்திரத்தை மங்கு என்பார் உண்டு. இரண்டிடத்தும் ஒன்றாக வந்தது எவ்வாறு, கடல் வாணிகம் கொண்டு சேர்த்ததா என்பது தனியே ஆராயத் தக்கது. மலாய்க்காரர் நம் கடையைக் கெடாய் என்றும், கப்பலைக் காப்பால் என்றும், கட்டிலைக் காத்தில் என்றும் ஏற்றுக்கொண்டு பல நூற்றாண்டு வழங்கி வரும்போது, நாம் அவரிடம் பெற்ற நாலைந்து சொற்களுக்கு நாணுவானேன்?

நாணினோம் என்பதே உண்மை. என் பிழையையே கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினான். "பாட்டி மங்கைக் கழுவிக் கவிழ்ப்பார்" என்று ஒரு தொடர் அதில் இருந்தது. மங்கு என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே "கிண்ணம்" என்று எழுதினேன். "பசியாறினோம்" என்பதையும் அடித்துக் "காலை உணவு உண்டோம்" என்றாக்கினேன். மறுநாள் திருத்தி எழுதி வந்தான். பிழையில்லை, ஆனால் பாட்டி அக்கட்டுரையில் இல்லை. அதற்குப் பின் அவன் தன் வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் எழுதவில்லை. பள்ளித் தமிழ் ஒன்று, வீட்டுத் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் தாழ்ந்தது என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அவனுக்குக் கற்பித்து விட்டேன். இராம சுப்பையாவின் நூலைப் பற்றி அன்று அறிந்திருந்தால் என் பேனா சற்றுத் தயங்கியிருக்கும்.

நூல் இல்லாவிடினும் இலக்கணம் இருந்ததே என்று கேட்பீராயின், அதுவும் சரியே. தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலம் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொல்லையே திசைச்சொல் என்றார் அவர். நன்னூலார் அவ்வெல்லையை விரித்து, பிறமொழி வழங்கும் பதினேழு நிலங்களின் சொல்லையும் திசைச்சொல்லாக ஏற்றார். அப்பதினேழு நிலங்கள் யாவை என உரைகாரர் காட்டும் பழம் பட்டியலைப் புரட்டிப் பார்க்க. சிங்களம், சீனம் இவற்றோடு சாவகமும் இருக்கிறது, கடாரமும் இருக்கிறது. கடாரம் நம் கெடா அன்றோ? இந்நாட்டுச் சொல் தமிழில் வந்து வழங்கினால் அதற்கு இடம் வேண்டும் என்பது பழைய இலக்கண மரபே ஏற்ற செய்தி. திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகப் பெற்றம், தள்ளை, அச்சன் என்பவற்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் நாம், கித்தாவையும் காண்டாவையும் ஒருமுறை எழுதிக் காட்டியிருந்தால் மாணவருக்கு அவ்விலக்கணம் உயிரோடு விளங்கியிருக்கும்.

மூன்றாவது நூல் 1969இல் பல்கலைக் கழக நூல்நிலையம் வெளியிட்டது. இதுவும் இராம சுப்பையாவின் உழைப்பே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியல். தமிழ் மலேசியானா என்பது பெயர். பட்டியல் நூலைப் பற்றித் திறனாய்வாளர் எழுதுவது அரிது. படித்துச் சுவைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆயினும் இந்நாட்டில் தமிழிலக்கியம் உண்டா என்று ஐயுற்றவர்க்கு அது ஒன்றே போதிய விடை. சிற்றூர் அச்சகங்களில் சில நூறு படிகளாக அச்சாகி, கறையானுக்கும் மழைக்கும் இரையாகி மறையும் நூல்களின் பெயரையேனும் ஓரிடத்தில் தொகுத்தது பெருஞ்செயல். "தமிழ் எங்கள் உயிர்" நிதி ஒரு நூல்நிலையத்துக்கு உதவியது. அந்நூல்நிலையம் திருப்பிக் கொடுத்தவற்றுள் நேரே மக்களைச் சேர்ந்தது இது. அதை எடுத்துப் பார்த்துத் தன் ஊர்க் கவிஞரின் நூல் அதில் உளதா என்று தேடிய ஆசிரியர் சிலரேனும் இருப்பர்.

இனி, துறைக்காக ஒரு சொல். இவ்வாறு எடை போடுவது தனிநாயக அடிகளுக்கு நீதியாகாது என்பார் உண்டு. அவர் காலத்து நிலை வேறு. தமிழ் என ஒரு பழம்பெரு மொழி உண்டென்று மேனாட்டுப் பல்கலைக் கழகங்களுக்கு எடுத்துரைக்க 1952இல் "தமிழ்க் கல்ச்சர்" இதழைத் தொடங்கியவர். 1964இல் தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராய் இருந்தவர். பாரிசிலும் பிராகிலும் இருந்த அறிஞரைக் கோலாலம்பூரில் ஓரவையில் அமர்த்தியவர். உலகோர் காதில் விழ வேண்டுமாயின் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மாநாட்டுக் கட்டுரைகள் 1968இலும் 1969இலும் இரு தொகுதிகளாக வந்தபோதும், தமிழியல் நூல்களுக்கு அடிகள் தொகுத்த வழிகாட்டி நூல் 1966இல் வந்தபோதும் மொழி ஆங்கிலமே. அதை நான் குறையாகக் கூறவில்லை. அவர் செய்தது அவர் காலத்தின் பணி.

குறை அவருக்குப் பின் வந்தோரிடமும் நம்மிடமும் உள்ளது. அடிகள் 1969இல் விலகினார். சங்ககாலச் சமுதாய வாழ்வு பற்றிச் சிங்காரவேலு எழுதிய நூல் 1966இலேயே அத்துறையிலிருந்து வந்திருந்தது. அவ்வழியில் பழந்தமிழ் ஆராய்ச்சிக்கு ஆர்வலர் குறைவில்லை. இந்நாட்டு இந்தியரைப் பற்றிய நல்ல நூல் ஒன்றை 1970இல் வரலாற்றுப் பேராசிரியர் அரசரத்தினம் தந்தார். ஆனால் கீழ்ப் பேராக்கில் தொடங்கிய சொல்லாய்வு அங்கிருந்து தெற்கே நெகிரி செம்பிலானுக்கும், சிகாமாட்டுக்கும், மூவாருக்கும் வரிசையாக வந்திருக்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு சிறு நூல் வந்திருந்தால், இந்நாட்டுத் தமிழுக்கு அகராதி ஒன்று தானே உருவாகியிருக்கும். அதற்கு ஏற்ற காலமும் அதுவே. தோட்டங்கள் அன்று தோட்டங்களாக இருந்தன. பின்னர் கித்தா மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் நகர்ப்புறத்துக்கு வந்து தொழிற்சாலைகளில் சேர்ந்தனர். பால்மரம் வெட்டாதவன் வாயில் ஒட்டுப்பால் என்ற சொல் எவ்வளவு காலம் தங்கும்?

பல்கலைக் கழகம் மக்களை மறந்துவிட்டது என்று கூறினாலும் தவறாகும். அப்பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் 1986 முதல் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் "பேரவைக் கதைகள்" என்று தொகுத்து வெளியிட்டு வந்துள்ளனர். தலைநகரத்துப் பல்கலைக் கழகம் ஒன்று நாடெங்குமுள்ள எழுத்தாளரைத் தேடிச் சென்ற பணி இது. இக்கதைகளின் இலக்கியத் தரத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். உருக்கம் மிகுந்து கதை மெலிந்தவை பல. வேறொரு பயன் இவற்றுக்கு உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர் எழுதிய கதைகளில் உரையாடல் வரும் இடந்தோறும் அத்தமிழ் வருகிறது. பெரட்டும் தீம்பாரும் ஆயாக் கொட்டகையும் அங்கே பொருள் விளங்கும் சூழலோடு நிற்கின்றன. போட்டியை நடத்திய அதே வளாகத்தில் ஆய்வு மாணவர் ஒருவர் அமர்ந்து இத்தொகுதிகளைப் படித்துச் சொல்லெடுத்தால், சொல்லும் பொருளும் மேற்கோளும் ஆண்டும் ஒருங்கே கிடைக்கும். தீம்பார் என்பது எம்மொழியிலிருந்து வந்தது என்பது போன்ற ஐயங்களுக்கும் அப்போது வழி பிறக்கும். மாணவர் பேரவையின் பணியை மகிழ்வூட்டும் நிகழ்ச்சி எனவும் துறையின் பணியை ஆராய்ச்சி எனவும் இருவேறாகக் கருதும் வழக்கமே இதற்குத் தடை.

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1987இலும் 2015இலும் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது. கட்டுரைகள் குவிந்தன. மாநாட்டுப் பைகளில் இரண்டு மூவாருக்கும் வந்தன. அவற்றைத் திறந்து பார்த்த போதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கு முளைத்தது. 1966இல் வெளிவந்த அவ்விரு நூல்களும் அடுத்தடுத்து ஒரே மேசையில் இருந்தவை. ஒன்றை உலகம் எடுத்துக்கொண்டது. மற்றதை நாம்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பல்கலைக் கழகத்தாரை நான் கேட்பது பெரிதன்று. கீழ்ப் பேராக் நூலையும் 1969 பட்டியலையும் தமிழ் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்து, தமிழ்ப் பள்ளிக்கு ஒரு படி அனுப்புக. தமிழாசிரியரைக் கேட்பது அதனினும் சிறிது. உயர் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள முதியோரிடம் முப்பது சொல் கேட்டு எழுதி வரட்டும். மரமும் பாலும் பற்றியவை பத்து; லயத்து வாழ்வும் உணவும் பற்றியவை பத்து; உறவுமுறைப் பெயர்கள் பத்து. சொன்னவர் எத்தோட்டத்தார், அவர் முன்னோர் தமிழ்நாட்டில் எவ்வூரார் என்பதையும் தெரிந்த அளவில் குறிக்கட்டும். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துக, சொல்லைத் திருத்தற்க. மூவாரில் நாங்கள் நால்வர் இவ்வாண்டு இதைத் தொடங்கியுள்ளோம். இதுவரை வந்தவற்றுள் ஒரே பொருளுக்கு மூன்று தோட்டத்தார் மூன்று பெயர் கூறிய இடங்களும் உள. வாளியில் பாலை ஊற்றுமுன் மங்கின் அடியில் வழித்தெடுக்கும் சிறு கருவிக்கு ஒரு மூதாட்டி சொன்ன பெயர் எந்த அகராதியிலும் இல்லை. அதை எவ்வாறு எழுதுவது, அதில் வருவது ரகரமா றகரமா என்று இரண்டு நாளாக வாதிட்டுக் கொண்டிருக்கிறோம். வருகிற ஞாயிறன்று அவரையே மீண்டும் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.